மேப் சைட் இன்ஸ்டால் பண்ணியாச்சு... தீபத்துக்கு முன் எந்த செட்டிங்ஸை எல்லாம் மாற்ற வேண்டும்?

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்பவர்களுக்கு வேண்டிய தகவல் ரொம்பச் சின்னது. அடுத்து தண்ணீர் எங்கே கிடைக்கும்? கழிப்பறை எந்தப் பக்கம்? மருத்துவ முகாம் இன்னும் எவ்வளவு தூரம்? நம்ம ஊர் பஸ் எந்தத் தற்காலிக பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்புகிறது? வழக்கமான மேப் ஆப்களில் ஹோட்டல் இருக்கும், ஏடிஎம் இருக்கும். ஒரே ஒரு நாளைக்காகப் போடப்படும் பந்தலை அவற்றில் தேடினால் கிடைக்காது.

‘அப்போ நாமே ஒரு மேப் சைட் போட்டுடலாமே?’ என்று கம்ப்யூட்டர் தெரிந்த நாலு பேர் உட்கார்ந்தால் தோன்றத்தான் செய்யும். நல்ல யோசனைதான். அதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே இருக்கின்றன. ஒரு சின்ன கிளவுட் சர்வரை வாடகைக்கு எடுத்தால் ஒரு சாயங்காலத்தில் நிறுவிவிடலாம். திரையில் வரைபடம் வந்ததும் ‘வேலை முடிந்தது’ என்று லிங்க்கை வாட்ஸ்அப்பில் தட்டிவிடத் தோன்றும். அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். யார் பின் குத்தலாம், யார் அதைப் பார்க்கலாம், தப்பான பின்னை யார் எடுப்பது என்பதெல்லாம் இன்ஸ்டால் ஆன பிறகு நாம் எடுக்க வேண்டிய முடிவுகள். நாம் எடுக்காவிட்டால் மென்பொருளின் இயல்பு செட்டிங்ஸ் நமக்குப் பதிலாக எடுத்துவிடும்.

சென்னை 2015-ல் என்ன நடந்தது?

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, மேப்பாக்ஸ் நிறுவனத்தில் இருந்த அருண் கணேஷும் நண்பர்களும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவின் மேல் ஒரு வெள்ள வரைபடத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் பயனர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: தண்ணீர் நிற்கும் தெருவைத் தொட வேண்டும், அது நிறம் மாறும். பெயர், முகவரி, வகை, விளக்கம் என்று எதையும் அது கேட்கவில்லை. கரன்ட் இல்லாமல், பேட்டரி பத்து சதவிகிதத்தில் இருக்கிற ஒருவர் படிவமா நிரப்பிக்கொண்டிருப்பார்? ஆயிரக்கணக்கான தெருக்கள் குறிக்கப்பட்டதற்கு அந்த எளிமை ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்படி சொந்த சர்வரில் போட்டுக்கொள்ளக்கூடிய கருவிகளில் இரண்டு பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று உஷாஹிதி. சுவாஹிலி மொழியில் ‘சாட்சியம்’ என்று பொருள். கென்யாவில் 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு வெடித்த வன்முறையைப் பதிவு செய்ய 2008 ஜனவரியில் உருவானது. இன்னொன்று யூமேப். பிரான்ஸைச் சேர்ந்த யோஆன் போனிஃபாஸ் தொடங்கியது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைப் பின்னணியாக வைத்து, அதன் மேல் நம் புள்ளிகளைக் குறித்துக்கொள்வதற்கானது. உஷாஹிதி பொதுமக்களிடமிருந்து வரும் தகவலைச் சரிபார்த்து வெளியிடுவதற்கு. யூமேப் தெரிந்தவர்கள் சேர்ந்து ஒரு வரைபடம் தயாரிப்பதற்கு. இந்த வித்தியாசம் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

கிரிவலப் பாதைக்கு யூமேப் எளிது என்பதால் அதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

முதலில் மாற்ற வேண்டிய சாவி

யூமேப்பின் அமைப்புக் கோப்பில் ‘சீக்ரெட் கீ’ என்று ஒரு வரி இருக்கும். மாதிரிக் கோப்பில் கொடுத்திருக்கும் சொல்லை அப்படியே விட்டுவிடாதீர்கள். யூமேப்பில் லாகின் இல்லாமல் ஒருவர் வரைபடம் உருவாக்கினால், பிறகு அதைத் திருத்த அவருக்கு ஒரு ரகசிய லிங்க் கிடைக்கும். அந்த லிங்க்கில் உள்ள கையொப்பம் இந்தச் சாவியைக் கொண்டுதான் உருவாகிறது. சாவி எது என்று தெரிந்த எவரும் அப்படிப்பட்ட எந்த வரைபடத்துக்கும் திருத்தும் லிங்க்கைத் தாங்களே தயாரித்துக்கொள்ளலாம். மாதிரிக் கோப்பு இணையத்தில் எல்லோரும் பார்க்கக் கிடக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நீளமான, எதேச்சையான சொல்லாக முதல் நாளே வைத்துவிடுங்கள். பிறகு மாற்றினால் அதற்குள் கொடுத்திருந்த பழைய லிங்க்குகள் எல்லாம் செல்லாமல் போகும்.

‘டீபக்’ என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்க வேண்டும். அது ஆன் ஆகியிருந்தால், எங்காவது பிழை வரும்போது சர்வருக்குள் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதுவரை பார்வையாளருக்குக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது ஹெச்டிடிபிஎஸ். இதைப் பாதுகாப்பு விஷயம் என்று மட்டும் நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள். ஹெச்டிடிபிஎஸ் இல்லாத தளத்துக்கு இன்றைய பிரவுசர்கள் இருப்பிடத் தகவலைத் தருவதே இல்லை. ‘நான் எங்கே இருக்கிறேன்’ பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. நிருதி லிங்கத்துக்கும் வருண லிங்கத்துக்கும் நடுவில் இருட்டில் நிற்கிறவருக்கு அந்த பட்டன் வேலை செய்யவில்லை என்றால் இந்த மேப் எதற்கு? லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம்தான். போட்டுவிட்டு, தளத்தின் முகவரி வரியையும் மறக்காமல் ஹெச்டிடிபிஎஸ் என்று மாற்றிவிடுங்கள்.

திருவண்ணாமலையைத் தேடினால் ஆர்க்டிக்!

புதிதாக நிறுவிய யூமேப் ஐரோப்பாவைக் காட்டிக்கொண்டு திறக்கும். தொடக்கப் புள்ளியை நாம்தான் மாற்ற வேண்டும். திருவண்ணாமலைக்கு அட்சரேகை 12.23, தீர்க்கரேகை 79.07. ஜூம் 14 வைத்தால் மலையும் கோயிலும் கிரிவலப் பாதையும் ஏறக்குறைய ஒரே பார்வையில் தெரியும்.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சில இடங்களில் அட்சரேகையை முதலில் கேட்பார்கள். ஜியோஜேசன் கோப்புகளில் தீர்க்கரேகைதான் முதலில் வரும். எண்களை இடம் மாற்றிப் போட்டால் திருவண்ணாமலைக்குப் பதிலாக நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போய்ச் சேருவீர்கள். வேடிக்கை என்னவென்றால், 2008-ல் இந்தியா திறந்த ஹிமாத்ரி ஆர்க்டிக் ஆய்வு நிலையம் அந்தப் புள்ளிக்கு ரொம்பப் பக்கத்தில்தான் இருக்கிறது. நம்ம ஊர்க் குடிநீர்த் தொட்டிகள் எல்லாம் பனிக்கட்டிக்கு நடுவே தெரிந்தால் காரணம் இதுதான், பதற வேண்டாம்.

பின்னணிப் படம் யார் செலவில் வருகிறது?

இன்ஸ்டால் ஆன கையோடு யூமேப்பின் அட்மின் பக்கத்துக்குப் போய் இரண்டு விஷயங்களைச் சேர்க்க வேண்டும். குறைந்தது ஓர் உரிமம், குறைந்தது ஒரு டைல் லேயர். டைல் என்பது வரைபடத்தின் சதுரத் துண்டு. நாம் விரலால் இழுக்க இழுக்க இந்தத் துண்டுகள் வந்து ஒட்டிக்கொண்டே இருக்கும். பெரும்பாலானோர் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் பொது டைல் சர்வர் முகவரியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சோதித்துப் பார்க்க அது போதும். தீபத்தன்று போதாது.

அந்த சர்வர்கள் நன்கொடையில் ஓடுபவை. அதிகப்படியான பயன்பாட்டை அவற்றின் விதிமுறை அனுமதிப்பதில்லை, முன்னறிவிப்பு இல்லாமலே தடுக்கவும் செய்யலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு போன் திரைக்கு ஒரு பார்வைக்குப் பதினைந்து டைல் என்று வைத்தால், 10,000 பேர் ஒருமுறை திறந்தாலே 1,50,000 டைல்கள். அவர்கள் இழுத்துப் பார்ப்பதும் பெரிதாக்குவதும் தனிக்கணக்கு. இரவு எட்டு மணிக்குத் தடை விழுந்தால் சாம்பல் நிறத் திரையில் பின்கள் மட்டும் மிதக்கும்.

மாற்று வழி நினைப்பதைவிடச் சுலபம். மலையையும் ஊரையும் சுற்றி 8-க்கு 8 கிலோமீட்டர் சதுரம் எடுத்துக்கொண்டால், ஜூம் 18 வரை மொத்தம் 4,000 டைல் சொச்சம்தான் வரும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவைப் பதிவிறக்கி, நம் கம்ப்யூட்டரிலேயே அந்தப் படங்களைத் தயாரித்து, நம் சர்வரில் வைத்துக்கொள்ளலாம். (பொது டைல் சர்வரிலிருந்தே அவற்றை மொத்தமாக இறக்கிக்கொள்ளலாமே என்றால், அதையும் விதிமுறை தடை செய்கிறது.) எப்படி வைத்தாலும் ‘ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்ற நன்றி வரி மூலையில் இருந்தே ஆக வேண்டும். அது தரவின் உரிம நிபந்தனை.

டைல்களை நாமே தயாரிப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் பொது டைல்களில் இங்கே பல பெயர்கள் ஆங்கிலத்திலேயே தெரியும். தரவில் தமிழ்ப் பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. நாம் தயாரிக்கும்போது அதை முன்னால் கொண்டுவரலாம். வேலூரிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வரும் ஓர் அம்மாவுக்கு ‘ஈசானிய லிங்கம்’ என்று தமிழில் தெரிவதுதானே நியாயம்?

இதே இடத்தில், மிகக் குறைந்த ஜூம் எதுவரை போகலாம் என்பதையும் எல்லைச் சட்டகத்தையும் கட்டிவிடுங்கள். ஊருக்கு வெளியே இழுக்கவே முடியாதபடி. காரணம் டைல் மிச்சம் மட்டுமல்ல. ஓபன்ஸ்ட்ரீட்மேப் சர்ச்சைக்குரிய எல்லைகளைக் காட்டும் விதமும் சர்வே ஆஃப் இந்தியா வரைபடமும் ஒத்துப்போவதில்லை. சர்வே ஆஃப் இந்தியாவுக்கு மாறான இந்திய வரைபடத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 1961-ம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டம். தண்ணீர்ப் பந்தல் காட்ட வந்த நமக்கு நாட்டின் எல்லைக்கோடு எதற்கு?

யார் பின் குத்தலாம்?

அதிக நேரம் செலவிட வேண்டிய செட்டிங் இதுதான்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள், டிசம்பர் 1 மாலை, கொட்டிய மழையில் அண்ணாமலையார் மலையின் சரிவு பெயர்ந்து அடிவாரத்தில் வ.உ.சி. நகர் வீடுகளின் மேல் விழுந்தது. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து டிசம்பர் 13-ல் மகாதீபம். 2,668 அடி உயர மலை உச்சியில் தீபம் ஏற்றப்பட்டது. ஆனால் பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. தீபம் ஏற்றும் பணிக்கான ஆட்கள் மட்டுமே மேலே போனார்கள்.

இப்போது அந்த இரண்டு வாரத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒரு மேப் சைட் ஓடிக்கொண்டிருந்தது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் ஆர்வக்கோளாறில் ‘மலைக்குப் போக இந்த வழியில் யாரும் தடுக்கவில்லை’ என்று ஒரு பின் வைக்கிறார். அதை நம்பி நாலு பேர் ஈரப் பாறைகளில் ஏறுகிறார்கள். இன்னொருவர் யாரோ அனுப்பிய ஃபார்வர்டை நம்பி ‘இங்கே மறுபடி பாறை சரிகிறது’ என்று குறிக்கிறார். அந்தத் தெருவே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. வாட்ஸ்அப் வதந்திக்குக்கூட ‘யார் அனுப்பியது’ என்று ஒரு சந்தேகம் வரும். வரைபடத்தில் ஒரு புள்ளியாக வந்துவிட்டால் அரசாங்கமே குறித்த மாதிரி ஒரு தோரணை வந்துவிடுகிறது.

யூமேப்பில் வெளியிடும் முன் ஒப்புதல் தருகிற வரிசை கிடையாது. திருத்த அனுமதி உள்ளவர் சேமித்த நொடியில் அது எல்லோருக்கும் தெரியும். அதனால் அனுமதியைத்தான் இறுக்க வேண்டும். லாகின் இல்லாமல் வரைபடம் உருவாக்கும் வசதி யூமேப்பில் இயல்பாகவே அணைந்திருக்கும். அதை அப்படியே விடுங்கள். வரைபடத்தின் திருத்த உரிமையை ‘எடிட்டர்கள் மட்டும்’ என்று வையுங்கள். தொண்டர்களுக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப் கணக்கு மூலம் லாகின் தரலாம். பழைய வழிகாட்டியைப் பார்த்துச் செய்தால் இது சிக்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2024-ல் பழைய ஓஆத் முறையை நிறுத்திவிட்டது, ஓஆத் 2 சாவிதான் வாங்க வேண்டும். அந்தக் கணக்கெல்லாம் இல்லாதவர்களுக்கு அட்மின் பக்கத்திலேயே பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கிக் கொடுக்கலாம். பத்துப் பேருக்கு ஒரே பாஸ்வேர்டு மட்டும் வேண்டாம். யார் எதை மாற்றினார் என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

லேயருக்கு லேயர் உரிமையைப் பிரிக்க முடியும் என்பது பலர் கவனிக்காத வசதி. தண்ணீர், அன்னதானம், கழிப்பறை லேயர்களைத் தொண்டர்கள் திருத்தட்டும். மருத்துவ முகாம், போக்குவரத்து மாற்றம், தடை செய்யப்பட்ட பகுதி இந்த மூன்றும் வரைபடத்தின் உரிமையாளர் கையில் மட்டும் இருக்கட்டும். அவரும் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துத்தான் போட வேண்டும். மலைப்பாதைக்கென்று ஒரு லேயரே தேவையில்லை என்பது என் கருத்து.

‘பொதுமக்களும் தகவல் தர வேண்டாமா?’ என்றால், வேண்டும்தான். அதற்கு ஒரு வழி இருக்கிறது. வருகிற தகவல் எல்லாம் ஒரு விரிதாளில் விழட்டும். ஒருவர் அதைப் பார்த்து, போன் போட்டோ நேரில் போயோ உறுதி செய்து, சரியானதை இரண்டாவது தாளுக்கு மாற்றட்டும். யூமேப்பின் ‘ரிமோட் டேட்டா’ வசதியில் அந்த இரண்டாவது தாளின் முகவரியைக் கொடுத்தால் அதில் இருப்பவை மட்டும் வரைபடத்தில் தெரியும். இதற்கும் ஆள் போதாது, தகவல் மழையாகக் கொட்டுகிறது என்றால் அப்போது உஷாஹிதிதான் சரி. அதில் வரும் பதிவுகளை ஆய்வு செய்த பிறகே வெளியிடும்படி அமைக்கலாம். அனுப்பியவர் விவரத்தையும், துல்லியமான இடத்தையும் பொதுப்பார்வையிலிருந்து மறைக்கவும் அதில் செட்டிங் உண்டு.

பின்னுக்குள் என்ன எழுதுவது என்பதும் ஒரு செட்டிங்தான். பெயர், வகை, ‘கடைசியாகப் பார்த்த நேரம்’ இந்த மூன்று கட்டம் போதும். நேரம் கட்டாயம். மாலை ஐந்து மணிக்கு நிரம்பியிருந்த தண்ணீர்த் தொட்டி ஒன்பது மணிக்குக் காலியாக இருக்கலாம். யூமேப் பழைய பின்னைத் தானாக அழிக்காது. நேரம் தெரிந்தால் பார்க்கிறவராவது முடிவு செய்துகொள்வார்.

போன் நம்பருக்குக் கட்டமே வைக்காதீர்கள். ‘குழந்தை காணவில்லை, அம்மா நம்பர் இது’ என்று ஒருவர் நல்ல எண்ணத்தில்தான் போடுவார். எல்லோரும் பார்க்கும் வரைபடத்தில் அந்த நம்பர் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. குழந்தை காணாமல் போனால் போலீஸ் உதவி மையம் எங்கே என்று காட்டுவதுதான் வரைபடத்தின் வேலை.

பேக்கப் எடுத்தாச்சா? பாதி எடுத்திருப்பீர்கள்

யூமேப்பில் வரைபடத்தின் பெயர், உரிமையாளர், அனுமதி எல்லாம் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் இருக்கும். ஆனால் குத்திய பின்கள் அங்கே இல்லை! அவை வழக்கமாக சர்வரின் மீடியா ஃபோல்டரில் ஜியோஜேசன் கோப்புகளாகக் கிடக்கும். தரவுத்தளத்தை மட்டும் பேக்கப் எடுத்து மீட்டால் வரைபடம் திறக்கும், பின் ஒன்றுகூட இருக்காது. இரண்டையும் சேர்த்து எடுங்கள், எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் ஒருமுறை மீட்டுப் பாருங்கள். ஒவ்வொரு லேயருக்கும் கடைசிப் பத்துப் பதிப்புகளை யூமேப் தானாக வைத்துக்கொள்ளும். யாராவது தெரியாமல் அழித்தால் அதிலிருந்து எடுக்கலாம். ஆனால் தீப இரவில் பத்துத் திருத்தம் என்பது பத்து நிமிஷ சமாச்சாரம். அந்த எண்ணிக்கையை ஐம்பது ஆக்கிவிடுங்கள்.

ஒத்திகைக்கு தீபம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாதா மாதம் பௌர்ணமி வருகிறது, லட்சக்கணக்கில் கூட்டமும் வருகிறது. முந்தைய பௌர்ணமியில் ஐந்து தொண்டர்களை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். விலை குறைந்த போனில், நெட் திணறும் நேரத்தில் பக்கம் திறக்க எத்தனை நொடி ஆகிறது என்று கையில் வாட்ச்சை வைத்து எண்ணுங்கள். பின்களுக்குள் பெரிய போட்டோக்களை வைத்திருந்தால் அன்றைக்கே எடுத்துவிடுவீர்கள்.

தீபம் முடிந்த மறுநாள் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. யூமேப்பை ‘ரீட் ஒன்லி’ நிலைக்கு மாற்றினால் இனி யாரும் திருத்த முடியாது. தகவல் வந்து விழுந்த விரிதாளில் பெயரோ நம்பரோ இருந்தால் அந்தத் தாளையே அழித்துவிடுங்கள். தற்காலிகப் பந்தல், தற்காலிக பஸ் ஸ்டாண்ட் லேயர்களை மறைத்துவிடுங்கள், அடுத்த மாதம் பௌர்ணமிக்கு வருகிறவர் பழைய லிங்க்கைத் திறந்து அங்கே போய் நிற்கக் கூடாது. நிரந்தரமாக இருக்கும் குடிநீர்க் குழாய், கழிப்பறை, ஓய்வு மண்டபம் ஆகியவற்றை நேரில் பார்த்து உறுதி செய்தவர்கள் தங்கள் ஓபன்ஸ்ட்ரீட்மேப் கணக்கில் நேரடியாகச் சேர்த்துவிடலாம், தமிழ்ப் பெயரோடு.